மூன்று முறை வந்த ரஷ்ய எண்ணெய்

இந்தியாவுக்கு ரஷ்ய எண்ணெய் மலிவாக வந்து, அதனால் பெரிய ரகளை நடந்தது மூன்று முறை. 1927, 1960, 2022. (19-ம் நூற்றாண்டிலேயே பாகூவில் இருந்து மண்ணெண்ணெய் இங்கே வந்துகொண்டுதான் இருந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.) மூன்று முறையும் ஒரே கேள்விதான். சரக்கு மலிவாகக் கிடைத்தால் அந்த மலிவு யார் பைக்குப் போகிறது?

எங்கள் வகுப்பில் பெட்ரோல் விலைப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "எல்லாம் வரிடா" என்று ஒரு கட்சி. "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பாதி சரி. ஆனால் இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. வரி போடுவதற்கு முன்னால், டீலர் கமிஷன் சேர்ப்பதற்கு முன்னால், ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரு எண் போடுகிறார்களே, அந்த எண் எங்கிருந்து வருகிறது? காஸ்டிங் பேப்பரில் நாம் படித்தது வாங்கிய விலை, கூலி, இதர செலவு, அதற்கு மேல் லாபம். எண்ணெயில் நடந்தது பெரும்பாலும் அப்படி இல்லை. முதலில் விற்கும் விலையை எங்கோ ஒரு துறைமுகத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். வாங்கிய விலைக்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் லாபம். இந்தக் கதையே அந்தத் துறைமுகத்தைப் பற்றியதுதான்.

1927-க்குப் போவோம். அப்போது எண்ணெய் என்றால் நம் ஊரில் பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய். பாட்டிமார் வாயில் அது சீமெண்ணெய், சில ஊர்களில் கிருஷ்ணாயில். மின்சாரம் இல்லாத கிராமங்களில் விளக்கு எரிந்ததே அதில்தான். அந்தச் சந்தையில் ஒரு பக்கம் ராயல் டச்சு ஷெல்லும் பர்மா ஆயிலும், இன்னொரு பக்கம் ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் நியூயார்க் என்ற அமெரிக்க நிறுவனம். ராக்பெல்லரின் பழைய ஸ்டாண்டர்டு ஆயிலை 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்தபோது தனியாகப் பிரிந்த துண்டுகளில் ஒன்று அது.

இந்த அமெரிக்க நிறுவனம் சோவியத் அரசிடம் மண்ணெண்ணெய் வாங்கி இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. ஷெல்லின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங்குக்கு வந்ததே கோபம்! புரட்சிக்குப் பிறகு பாகூ வயல்களைச் சோவியத் அரசு பிடுங்கிக்கொண்டது. அதில் ஷெல்லின் சொத்தும் உண்டு. "அது திருட்டு எண்ணெய்" என்பது அவர் வாதம். 1927 செப்டம்பரில் இந்தியாவில் மண்ணெண்ணெய் விலையைத் தடாலடியாகக் குறைத்தார். எதிராளியும் குறைத்தான். சண்டை இந்தியாவோடு நிற்காமல் மற்ற நாட்டுச் சந்தைகளுக்கும் பரவியது. நம் பக்கத்து விளக்குகள் கொஞ்ச நாள் மலிவாக எரிந்தன. பர்மாவில் எண்ணெய் எடுத்தவர்கள் தாங்கமாட்டோம் என்று பாதுகாப்புக் கேட்கப்போய், இந்தியச் சுங்கவரி வாரியம் 1928-ல் விசாரணையே நடத்தியது.

முதல் தடவை கிடைத்த பதில் இது. இரண்டு முதலைகள் கடித்துக்கொண்டதால் மலிவு ஜனங்களுக்கு வந்தது. ஆனால் அது எப்படி முடிந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1928-ல் டெட்டர்டிங் ஸ்காட்லாந்தில் அக்னகேரி என்ற கோட்டையை வாடகைக்கு எடுத்தார். வெளியே சொன்னது பறவை வேட்டை. வந்த விருந்தாளிகள் நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலின் வால்டர் டீகிள், ஆங்கிலோ பெர்ஷியனின் (பின்னாளைய பி.பி.) ஜான் கேட்மன் முதலானோர். பறவைகள் எத்தனை விழுந்தன என்பது நமக்கு வேண்டாம். 1928 செப்டம்பரில் உருவான ஒப்பந்தத்துக்கு "உள்ளது உள்ளபடி" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். சந்தையில் இன்று யாருக்கு எவ்வளவு பங்கோ அது அப்படியே இருக்கட்டும், இனி நமக்குள் சண்டை வேண்டாம். அதே ஆண்டில்தான் இந்தியாவில் பர்மா ஆயிலும் ஷெல் குழுமமும் கைகோத்து பர்மா ஷெல் என்ற ஒரே விற்பனை நிறுவனமாக மாறின.

பங்கு பிரித்தாகிவிட்டது. விலை? அதற்கு ஒரு சூத்திரம் இருந்தது. எண்ணெய் எங்கே எடுக்கப்பட்டாலும் சரி, விலை என்பது அமெரிக்காவின் மெக்ஸிகோ வளைகுடாத் துறைமுக விலை, அதோடு அங்கிருந்து வாங்குபவர் ஊர் வரை கப்பல் கூலி.

இதை இப்படி யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒட்டன்சத்திரத்துக்காரர். ஒட்டன்சத்திரத்தில் விளைந்த தக்காளியை அந்த ஊர்ச் சந்தையிலேயே வாங்கப் போகிறீர்கள். வியாபாரி, "கோயம்பேட்டு விலை இவ்வளவு, கோயம்பேட்டில் இருந்து இங்கே வர லாரி வாடகை இவ்வளவு, இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்" என்கிறார். லாரி கிளம்பவே இல்லை. வாடகை மட்டும் உண்டு. கூட்டத்தில் இன்னொரு கடைக்குப் போகலாம் என்றால் எல்லாக் கடையிலும் அதே கணக்கு. பாரசீகத்தில் இருந்து சில நாள் பயணத்தில் பம்பாய்க்கு வந்த எண்ணெய்க்கு, பாதி உலகத்தைச் சுற்றி வந்ததுபோல் கூலி.

அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளில் செலவு அதிகம், பாரசீகத்தில் ரொம்பக் குறைவு. சூத்திரப்படி இரண்டுக்கும் ஒரே விலை. அப்படியானால் நடுவில் நிற்கும் பணம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் முதலில் கை வைத்தது யார் தெரியுமா? எந்த ஏழை நாடும் இல்லை. பிரிட்டிஷ் அரசின் தணிக்கையாளர்! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் பாரசீக வளைகுடாவிலேயே, எண்ணெய் ஆலைக்குப் பக்கத்திலேயே எரிபொருள் நிரப்பின. அதற்கும் மெக்ஸிகோ வளைகுடாவில் இருந்து கூலி போட்டு பில் வந்தது. இது என்ன கணக்கு என்று தணிக்கைத் துறை கேட்டது. (அக்கவுண்ட்ஸ் படிக்கிறவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) அதன் பிறகுதான் பாரசீக வளைகுடாவும் ஓர் அடிப்படைத் துறைமுகமாக ஏற்கப்பட்டது. போலிக் கப்பல் கூலி குறைந்தது. ஆனால் அங்கே குறித்த விலை ஆரம்பத்தில் அமெரிக்க விலைக்குச் சமமாகவே இருந்தது. கூலி போனது, சூத்திரம் போகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் நம் நாட்டு எண்ணெய் விலை இதே முறையில்தான் ஓடியது. 'இம்போர்ட் பாரிட்டி' என்பார்கள். இறக்குமதி செய்திருந்தால் என்ன விலை ஆகியிருக்குமோ அந்த விலை. 1951 முதல் 1953 வரை ஸ்டான்வாக், பர்மா ஷெல், கால்டெக்ஸ் மூன்றோடும் ஒப்பந்தம் போட்டு டிராம்பேயிலும் விசாகப்பட்டினத்திலும் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. உள்ளூரிலேயே சுத்திகரித்தாலும் விலை இறக்குமதி விலைதான். அதோடு 25 ஆண்டுகளுக்கு நாட்டுடைமை ஆக்கமாட்டோம் என்ற உறுதி வேறு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த ஆலைகள் கச்சா எண்ணெயை யாரிடம் வாங்கின? தங்கள் தாய் நிறுவனத்திடமே. என்ன விலைக்கு? தாய் நிறுவனம் குறித்து வைத்த விலைக்கு. அப்பா கடையில் மகன் முழு விலை கொடுத்துச் சரக்கு வாங்குகிறான். மகன் கடையில் லாபம் சுமார்தான் என்று கணக்குக் காட்டலாம். குடும்பத்தின் லாபம் அப்பா கல்லாவில், அதாவது இந்திய வருமான வரிக்கு எட்டாத இடத்தில்.

1960-ல் இரண்டாவது ரஷ்ய எண்ணெய் வந்தது. குறிக்கப்பட்ட விலையை விடக் குறைவாக, அதுவும் டாலர் வேண்டாம், ரூபாயே போதும் என்று சோவியத் யூனியன் சொன்னது. அந்நியச் செலாவணிக்கு அல்லாடிக்கொண்டிருந்த நாட்டுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அப்போது எண்ணெய்த் துறையைப் பார்த்த அமைச்சர் கே.டி. மாளவியா, மூன்று நிறுவனங்களிடமும் இந்தக் கச்சா எண்ணெயை உங்கள் ஆலையில் சுத்திகரித்துக் கொடுங்கள் என்று கேட்டார். மூவரும் மறுத்துவிட்டார்கள். அரசிடம் அப்போது சொல்லிக்கொள்ளும்படி சொந்த ஆலை கிடையாது. கச்சா எண்ணெயை வாங்கி என்ன செய்வது?

தோல்வி என்றுதான் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. அதுவரை விலையில் கை வைக்கவே முடியாது என்று சொன்ன நிறுவனங்கள், இந்தியாவுக்கு வரும் கச்சா எண்ணெய்க்குத் தள்ளுபடி தர முன்வந்தன. அரசு விடவில்லை. 1959-ல் தொடங்கிய இந்தியன் ஆயில் வழியாக ரஷ்யாவின் டீசலையும் மண்ணெண்ணெயையும் வாங்கி விற்க ஆரம்பித்தது. 1961-ல் டாம்லே குழு அறிக்கையும் வந்து, உச்ச விலையை அரசு நிர்ணயிக்கும் வழக்கம் உறுதியானது. குறிக்கப்பட்ட விலை என்பது கல்லில் செதுக்கியதல்ல என்று தெரிய, மறுத்துப் பேச இன்னொரு விற்பனையாளர் வாசலில் நின்றதே போதுமானதாக இருந்தது. எனக்கு இந்த மூன்று கதைகளில் பிடித்தது இதுதான்.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. இந்தியா, இத்தாலி போன்ற இடங்களில் சோவியத் எண்ணெயோடு போட்டி போட வேண்டியிருந்தது, 1960 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்கள் குறிக்கப்பட்ட விலையைக் குறைத்ததற்கு ஒரு காரணம். எண்ணெய் நாடுகளின் வருமானம் அந்த விலையைப் பொறுத்தது. அவர்களைக் கேட்காமலே குறைத்தார்கள். அடுத்த மாதமே பாக்தாத்தில் ஐந்து நாடுகள் கூடி ஓபெக் அமைப்பைத் தொடங்கின. 13 ஆண்டுகள் கழித்து அந்த ஓபெக் என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். 1973 தொடக்கத்தில் மூன்று டாலருக்கும் கீழே இருந்த பேரல், 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது.

அதன் பிறகு வேகமாகப் போய்விடலாம். 1974-ல் எஸ்ஸோ, 1976-ல் பர்மா ஷெல்லும் கால்டெக்ஸும் அரசு கைக்கு வந்தன. இன்றைய ஹிந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும் அப்படி வந்தவை. 1977-ல் இம்போர்ட் பாரிட்டியைக் கைவிட்டு, ஆன செலவோடு நிகர மதிப்பில் 12 சதவீத லாபம் என்ற முறைக்கு மாறினார்கள். நம் காஸ்டிங் பேப்பர் முறை! ஆனால் எவ்வளவு செலவு செய்தாலும் திரும்பக் கிடைக்கும் என்றால் யார் சிக்கனமாக இருப்பார்கள்? பெட்ரோலில் கூடுதலாக வாங்கி மண்ணெண்ணெய்க்கும் காஸ் சிலிண்டருக்கும் ஈடுகட்ட 'ஆயில் பூல்' என்று ஒரு பொதுக் கணக்கு வைத்தார்கள். 90-களில் அதில் பெரிய ஓட்டை விழுந்தது. 2002 ஏப்ரல் 1-ம் தேதி அந்த முறைக்கு மூடுவிழா.

மூடிய பிறகு எந்த முறைக்குப் போனோம்? மறுபடியும் இம்போர்ட் பாரிட்டிக்கு. இந்த முறை துறைமுகம் அரபு வளைகுடா. அந்த வளைகுடா விலையே பெரும்பாலும் சிங்கப்பூர் சந்தை விலையில் கப்பல் கூலியைக் கழித்துப் போடப்படுகிற ஒன்று என்பது இன்னும் வேடிக்கை. அதற்குள் இந்தியா டீசலை ஏற்றுமதி செய்யும் நாடாக மாறியிருந்தது. ஏற்றுமதி செய்யும் பொருளுக்கு இறக்குமதி விலையா என்ற கேள்வி வந்ததால், 2006-ல் ரங்கராஜன் குழு பரிந்துரைத்தபடி 80 பங்கு இறக்குமதி விலை, 20 பங்கு ஏற்றுமதி விலை என்று கலந்தார்கள்.

இந்தக் கணக்கு விலைக்குக் கீழே அரசு விற்கச் சொன்னால், அந்த வித்தியாசத்துக்கு 'அண்டர் ரெக்கவரி' என்று பெயர். பத்திரிகைகள் இதை நஷ்டம் என்றே எழுதின. நஷ்டம் வேறு, இது வேறு. 2008-09-ல் அண்டர் ரெக்கவரி ஒரு லட்சத்து மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு இந்தியன் ஆயில் காட்டிய நிகர லாபம் ஏறக்குறைய 2,950 கோடி. அரசு கொடுத்த எண்ணெய்ப் பத்திரங்களும் ஓ.என்.ஜி.சி. போன்றவை கொடுத்த தள்ளுபடியும் சேர்ந்த பிறகு வந்த லாபம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் சொல்ல வருவது, லட்சம் கோடி என்பது யாருடைய கையில் இருந்தும் போன பணம் அல்ல, ஒரு சூத்திரத்துக்கும் விற்ற விலைக்கும் நடுவில் உள்ள தூரம் என்பதே.

பாரிட்டிக்கு ஒரு நியாயமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. உள்ளூரில் விலை குறைவு என்றால் தனியார் ஆலை ஏன் இங்கே விற்கும்? கப்பலில் ஏற்றிவிடும். 2008-ல் ரிலையன்ஸ் தன் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பங்குகளை மூடியது இதனால்தான்.

2010 ஜூனில் பெட்ரோல் விலையையும் 2014 அக்டோபரில் டீசல் விலையையும் சந்தைக்கு விட்டார்கள். உலக விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று சொன்னார்கள். ஏறியபோது ஏறியது. 2014 ஜூனில் 115 டாலர் இருந்த பேரல் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தபோது மத்தியக் கலால் வரி ஒன்பது முறை உயர்ந்தது. பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்தது 21 ரூபாய் 48 காசு ஆனது. டீசலுக்கு 3.56-ல் இருந்து 17.33. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. இரண்டே வாரத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரி ஏறியது. பெட்ரோலியப் பொருட்களில் மத்தியக் கலால் வருமானம் 2014-15-ல் ஏறக்குறைய 99 ஆயிரம் கோடி, 2020-21-ல் 3.7 லட்சம் கோடிக்கு மேல். "எல்லாம் வரிடா" கட்சிக்கு இந்த இடத்தில் முழு மதிப்பெண். இதில் இன்னொரு சூட்சுமம், 2021-ல் பெட்ரோலில் 32 ரூபாய் 90 காசு வரியில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதி செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில். அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு தன் பங்கில் 3 ரூபாய் குறைத்தது.

இப்போது மூன்றாவது ரஷ்ய எண்ணெய். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். ஐரோப்பா வாங்கத் தயங்கியதால் ரஷ்யாவின் யூரல்ஸ் ரகம் பிரெண்ட்டை விட 30 டாலர் குறைவாகக்கூடப் பேசப்பட்டது. நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்யா 2023-24-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. நிஜமாகக் கிடைத்த தள்ளுபடி அந்த 30 டாலர் அளவுக்கு இல்லை, போகப் போக அதுவும் சுருங்கியது. இருந்தாலும் மலிவு மலிவுதான்.

அந்த மலிவு எங்கே போனது? விற்கும் விலையின் கணக்கு வளைகுடா விலையைப் பார்க்கிறது, வாங்கிய விலையை அல்ல. தள்ளுபடிக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே கிடையாது. அது ஆலையின் மார்ஜினில் தங்கும். தனியார் ஆலைகள் ஏற்றுமதியில் சம்பாதித்தன. 2022 ஜூலையில் அரசு திடீர் லாப வரி போட்டது, 2024 டிசம்பரில் நீக்கியது.

அரசு நிறுவனங்கள் கதை கொஞ்சம் சிக்கல். 2022 ஏப்ரலுக்குப் பிறகு பங்க் விலையைத் தினமும் மாற்றும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். மே மாத வரிக் குறைப்பு நீங்கலாக விலை உறைந்து நின்றது. பேரல் 100 டாலருக்கு மேல் நின்ற மாதங்களில் நாம் தப்பித்தோம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து அந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 21 ஆயிரம் கோடிக்கு மேல் நிஜ நஷ்டம். அப்புறம் கச்சா விலை இறங்கியது. விலை மட்டும் உறைந்தே இருந்தது. 2022-23 முழு ஆண்டுக்கும் கூட்டிக் கழித்தால், காஸ் சிலிண்டருக்காக அரசு கொடுத்த 22 ஆயிரம் கோடியும் சேர்ந்து, மூன்றுக்கும் மொத்தம் சுமார் 1,100 கோடி லாபம். அதாவது பள்ளம் அந்த ஆண்டிலேயே நிரம்பிவிட்டது. ஆனால் 2023-24-ல் மூன்றின் நிகர லாபம் ஏறக்குறைய 81 ஆயிரம் கோடி. அந்த ஆண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பாக, 2 ரூபாய் குறைந்தது.

"கம்பெனிக்காரன்" கட்சிக்கு இங்கே மதிப்பெண் கொடுக்கலாமா? இந்த நிறுவனங்களின் பெரிய முதலாளி மத்திய அரசுதான் (ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஓ.என்.ஜி.சி. வழியாக). லாபம் டிவிடெண்டாகப் போகும் இடமும் அதுவே. 1960-ல் தள்ளுபடி கேட்டு வெளிநாட்டுக் கம்பெனி வாசலில் நின்ற அரசு, 2023-ல் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அதனால் என் கேள்வி வேறு. அண்டர் ரெக்கவரி இவ்வளவு என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், விலை உறைந்திருந்த காலத்தில் லிட்டருக்கு இவ்வளவு கூடுதலாக நிற்கிறது என்று ஏன் அதே போல் சொல்லவில்லை? பள்ளத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. மேட்டை அப்படி யாரும் பெயர் சொல்லிக் கணக்குக் காட்டவில்லை.

மேடு இருந்தது என்பதற்கு அரசே சாட்சி. 2025 ஏப்ரல் 8-ம் தேதி முதல் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் ஏறியது. நுகர்வோருக்குப் பாதிப்பு இல்லை, நிறுவனங்களே ஏற்றுக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். சொன்னபடியே பங்க் விலை மாறவில்லை.